கண்டம் கிழிந்த இடத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? நில அதிர்வு ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்டங்கள் பிரிந்த ஓரங்களில் கடலடிப் பாறையை எப்படி ஆராய்கிறார்கள் என்று பேச்சு வரும்போதெல்லாம் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கணக்கு அதிகம் இல்லை. இருக்கும் கொஞ்சமும் பெருக்கல், வகுத்தல்தான்.

பிளவுண்ட கண்ட விளிம்பு என்றால் என்ன?

ஒரு கண்டம் இழுபட்டு, மெலிந்து, கடைசியில் இரண்டாகப் பிரிகிறது. நடுவில் புதுக் கடல் பிறக்கிறது. பிரிந்த இரு துண்டுகளின் ஓரங்கள்தான் பிளவுண்ட கண்ட விளிம்புகள். அட்லாண்டிக் பெருங்கடலின் இரு கரைகளும் பெரும்பாலும் இந்த வகை. போர்ச்சுகலும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தும் ஒரு ஜோடி. நமீபியாவும் தெற்கு பிரேசிலும் இன்னொன்று. இந்தியாவின் கிழக்குக் கரையும் அண்டார்டிகாவின் ஒரு பகுதியும் அப்படி ஒட்டியிருந்தவைதான். செங்கடலில் இந்தப் பிரிவு இன்னும் இளமையாக, நம் கண்முன்னே நடந்துகொண்டிருக்கிறது.

ஜப்பான், சிலி போன்ற கரைகளில் ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புகுகிறது. அது வேறு கதை, இங்கே அதைத் தொடப்போவதில்லை.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கடற்கரை கண்டத்தின் முடிவு இல்லை. கரையைத் தாண்டிக் கண்டத்திட்டு, அப்புறம் கண்டச்சரிவு என்று கண்டப் பாறை நீருக்கடியில் தொடர்ந்து போகிறது. கண்ட மேலோட்டின் தடிமன் சராசரியாக 35 முதல் 40 கி.மீ. கடல் மேலோடு 6 அல்லது 7 கி.மீ.தான். கண்டப் பாறை பெரும்பாலும் கிரானைட்டை ஒத்தது, கடல் மேலோடு பசால்ட்டும் கேப்ரோவும், அதாவது உருகிய குழம்பு இறுகிய கருநிறப் பாறைகள். இந்த ஒன்று அந்த மற்றொன்றாக எங்கே, எப்படி மாறுகிறது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை பாடும்.

நேராகத் துளை போட்டுப் பார்த்துவிட்டால் என்ன?

போட்டுப் பார்த்தார்கள். 1961இல் மெக்சிகோவின் குவாடலூப் தீவுக்கு அருகே, மோகோல் திட்டத்தில், 3,500 மீட்டருக்கும் ஆழமான நீரில் கடலடியைத் துளைத்தார்கள். 183 மீட்டர்தான் இறங்க முடிந்தது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் நிலத்தில் 1970இல் தொடங்கிய துளை 12,262 மீட்டர் வரை போனது. அங்கேயும் மேலோட்டின் அடியைத் தொடவில்லை.

துளை ஒரு புள்ளியைத்தான் காட்டும். ஒரு விளிம்போ நூற்றுக்கணக்கான கி.மீ. அகலம். முதலில் முழுப் படம் வேண்டும், பிறகு எங்கே துளைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். அந்த முழுப் படத்தை அதிர்வலைகள் தருகின்றன. படம் சரியா என்று துளை சொல்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முடியும். அலையை வைத்து ஊகித்தது துளையில் பொய்த்துப்போன கதை ஒன்றும் கீழே வருகிறது.

நில அதிர்வு ஆய்வு என்றால் நிலநடுக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டுமா?

தேவையில்லை. அதிர்வை நாமே உண்டாக்குகிறோம். கடலில் இதற்கு ஏர்கன் என்ற கருவி. ஓர் எஃகு உருளைக்குள் வளிமண்டல அழுத்தத்தைப் போல 130 மடங்குக்கும் மேல் காற்றை அடைத்து, நீருக்குள் சட்டென்று திறந்துவிடுவார்கள். அந்தக் குமிழி விரியும்போது கிளம்பும் அலை கடலடியைத் துளைத்துக்கொண்டு பாறைக்குள் இறங்கும். ஒரே ஒரு ஏர்கன் போதாது. ஆழத்துக்குப் போகப் பல அளவுகளில் நிறைய உருளைகளை வரிசையாகக் கட்டி ஒரே நேரத்தில் சுடுவார்கள். அமெரிக்க ஆய்வுக் கப்பலான மார்கஸ் லாங்செத்தில் 36 ஏர்கன்கள் வரை உண்டு. பல அளவு எதற்கென்றால், ஒவ்வொரு குமிழியும் விரிந்து சுருங்கி விரிந்து ஆடும். அளவுகள் வேறுபட்டால் ஆட்டங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, முதல் துடிப்பு மட்டும் கூர்மையாக நிற்கும்.

இந்த யோசனை புதிதில்லை. 1935இலேயே மாரிஸ் யூயிங் என்ற அமெரிக்கர் வர்ஜீனியாக் கரையை ஒட்டிய கண்டத்திட்டில் வெடிமருந்து வைத்து இந்த வகை அளவீட்டைச் செய்தார். கரைக்கு அப்பால் போகப் போகப் படிவுகள் தடித்துக்கொண்டே போவது அப்போதே தெரியவந்தது.

எதிரொலிப்பு முறை, விலகல் முறை என்று இரண்டு சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்?

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எதிரொலிப்பு முறையில், கிட்டத்தட்ட நேர் கீழே போன அலை, பாறை மாறும் எல்லைகளில் மோதித் திரும்பி வருகிறது. கப்பல் தன் பின்னால் ஸ்ட்ரீமர் என்ற நீண்ட கேபிளை இழுத்துச் செல்லும். அதன் நீளம் பல கி.மீ. அதில் ஹைட்ரோஃபோன் எனும் நீருக்கடி ஒலிவாங்கிகளின் நூற்றுக்கணக்கான தொகுதிகள் சில மீட்டர் இடைவெளியில் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். 20 வினாடிக்கு ஒரு முறை சுடுவார்கள், அதாவது சுமார் 50 மீட்டருக்கு ஒரு முறை. கடலடியின் ஒரே புள்ளியிலிருந்து பல கோணங்களில் திரும்பி வந்த எதிரொலிகளைச் சேர்த்தால் இரைச்சல் குறைந்து படம் தெளியும். அடுக்குகள், பாறை உடைந்து நகர்ந்த பிளவுப்பெயர்ச்சிகள், சாய்ந்த பாறைத் துண்டங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் வடிவில் வந்துவிடும்.

ஆனால் அந்தப் படத்தின் செங்குத்து அச்சில் இருப்பது நேரம். ஆழம் இல்லை. அலை போய்த் திரும்ப 2 வினாடி ஆனது என்று வைத்துக்கொள்வோம். அது கடல் நீரில் பயணம் செய்திருந்தால், வினாடிக்கு 1.5 கி.மீ. வேகத்தில், அந்த அடுக்கின் தடிமன் 1.5 கி.மீ. அதே 2 வினாடி வினாடிக்கு 6.5 கி.மீ. வேகமுள்ள பாறையில் போயிருந்தால் தடிமன் 6.5 கி.மீ. படத்தில் இரண்டும் ஒரே உயரம்தான்! வேகம் தெரியாமல் அந்தப் படத்தைப் பார்த்து ஆழம் பேசவே கூடாது.

வேகத்தை நம்பகமாகத் தருவது விலகல் முறை. ஆழம் கூடக் கூடப் பாறையில் அலையின் வேகமும் பொதுவாகக் கூடுகிறது. அதனால் சாய்வாக இறங்கிய அலை வளைந்து, வேகமான அடுக்கின் வழியே பக்கவாட்டில் ஓடி, மீண்டும் மேலே வருகிறது. பக்கத்தில் நிற்கும் கருவியை மேலடுக்கு வழியாக வரும் அலைதான் முதலில் எட்டும். தொலைவு கூடும்போது, சுற்றி வந்தாலும் ஆழத்து அலை முந்திக்கொள்ளும். எந்தத் தொலைவில் முந்துகிறது என்பதிலேயே மேலோட்டின் தடிமன் ஒளிந்திருக்கிறது. மேலே இருக்கும் நீரை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 35 கி.மீ. கண்ட மேலோட்டில், அதற்குக் கீழே இருக்கும் கவசம் என்ற பாறையின் வழியே வரும் அலை முந்துவதற்குச் சுமார் 200 கி.மீ. தொலைவு வேண்டும். 7 கி.மீ. கடல் மேலோட்டில் 45 கி.மீ. அளவே போதும்.

ஸ்ட்ரீமர் 8 கி.மீ. என்றால் 45 கி.மீ. தொலைவு எப்படிக் கிடைக்கும்? கிடைக்காது. அதற்குத்தான் கடலடியில் கருவிகளைப் போடுகிறார்கள்.

அந்தக் கடலடிக் கருவிகளைப் போட்டு எடுப்பது எப்படி?

ஆய்வாளர்கள் பேச்சில் அதற்கு ஓபிஎஸ் என்று பெயர், கடலடி நில அதிர்வுமானி. மூன்று திசை அசைவுகளையும் பதியும் ஜியோஃபோன்கள், ஒரு ஹைட்ரோஃபோன், பதிவுப் பெட்டி, மிதவை, கீழே ஒரு நங்கூர எடை. கப்பல் ஓரமாக நீரில் விட்டால் தானாக மூழ்கித் தரையில் அமரும். சில கி.மீ. முதல் 20 கி.மீ. வரை இடைவெளி விட்டு ஒரே கோட்டில் பலவற்றை இறக்கிவிட்டு, அந்தக் கோட்டின் மேலேயே கப்பல் சுட்டுக்கொண்டு போகும். இப்போது 20 வினாடிக்கு ஒன்று என்று அவசரப்பட முடியாது. முந்தைய வெடிப்பின் சத்தம் நீருக்குள் அலைந்துகொண்டே இருக்கும், தொலைவிலிருந்து வரும் மெல்லிய அலையை அது மறைத்துவிடும். அதனால் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ காத்திருந்து சுடுவார்கள்.

முடிந்ததும் கப்பலிலிருந்து ஒலிச் சமிக்ஞை அனுப்பினால் கருவி எடையைக் கழற்றிவிட்டு மேலே வரும். வினாடிக்கு ஒரு மீட்டர் அளவு வேகம். 4,500 மீட்டர் ஆழம் என்றால் ஒண்ணேகால் மணி நேரம். அந்த நேரம் முழுக்கத் தளத்தில் எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரவானால் கருவியின் மேலிருக்கும் மின்னும் விளக்கு உதவும். சில கருவிகள் வருவதே இல்லை. அதோடு அந்தப் புள்ளியின் தரவும் போய்விடும்.

பெரிதாக யாரும் பேசாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது: கடிகாரம். கடலடியில் ஜிபிஎஸ் கிடைக்காது. இறக்குவதற்கு முன்னும் எடுத்த பின்னும் கருவியின் கடிகாரத்தை ஜிபிஎஸ் நேரத்தோடு ஒப்பிட்டு, இடையில் எவ்வளவு விலகியது என்று திருத்துவார்கள். நம்முடைய மொத்த அறிவும் அலை வந்துசேர்ந்த நேரத்தை நம்பி நிற்கிறது. அதனால் இந்தச் சலிப்பூட்டும் வேலையைப் பொறுப்பாகச் செய்பவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

மோகோ என்றால் என்ன?

1909 அக்டோபர் 8 அன்று, இன்றைய குரோஷியாவில், ஸாக்ரெப் நகருக்கு அருகே குப்பா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு நிலநடுக்கம். அந்திரியா மோகொரோவிசிச் என்ற நில அதிர்வு ஆய்வாளர் பல நிலையங்களின் பதிவுகளைப் பார்த்தபோது, ஒரே நடுக்கத்துக்கு இரண்டு தொகுதி முதன்மை அலைகள் (அதிர்வலைகளில் வேகமான வகை) வந்திருந்தன. ஒன்று மேலாக வந்தது. மற்றது ஆழத்தில் வேகமான பாறை வழியே ஓடி முந்தி வந்தது. அப்படியானால் ஓர் ஆழத்தில் வேகம் சட்டென்று கூடுகிறது என்று அவர் முடிவு செய்தார். மேலோட்டுக்கும் அதன் கீழுள்ள கவசத்துக்கும் நடுவிலான அந்த எல்லைக்கே அவர் பெயரைச் சுருக்கி மோகோ என்கிறோம். அதைக் கடந்தால் வேகம் வினாடிக்குச் சுமார் 8 கி.மீ. ஆகிவிடும்.

பிளவுண்ட விளிம்பில் கண்டத்திலிருந்து கடல் பக்கம் போகப் போக மோகோ மேலேறி வருகிறது, மேலே கடலடி கீழிறங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் மேலோடு ஆப்பு மாதிரி மெலிகிறது. 35 கி.மீ. இருந்தது 7 கி.மீ. ஆனால் ஐந்து மடங்கு இழுபட்டது என்று கணக்கு. 1978இல் டான் மெக்கென்சி கொடுத்த இந்த எளிய விகிதத்தைத்தான் இன்றும் முதல் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள்.

வேகம் தெரிந்தால் என்ன பாறை என்று சொல்லிவிடலாமா?

ஓரளவுக்கு. முதலில் பொதுவான எண்கள், எல்லாம் வினாடிக்கு கி.மீ.யில். இளகிய படிவுகள் 2ஐச் சுற்றி, ஆழத்தில் புதைந்து இறுகியவை 4, அதற்கு மேலும். கண்ட மேலோட்டின் மேல்பகுதி 6ஐச் சுற்றி, கீழ்ப்பகுதி 6.5 முதல் 7 வரை. கடல் மேலோட்டின் கீழடுக்கான கேப்ரோவும் கிட்டத்தட்ட அதே 6.6 முதல் 7.2. கவசம் 8.

சிக்கல் இந்தப் பட்டியலிலேயே தெரிகிறது. 6.8 என்று ஓர் எண் கிடைத்தால் அது கண்டத்தின் அடிப்பாறையா, கடல் மேலோடா? எண் மட்டும் சொல்லாது. ஆழத்தோடு வேகம் எவ்வளவு விரைவாகக் கூடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கடல் மேலோட்டின் மேல்பகுதியில் வேகம் மளமளவென்று ஏறும், கண்ட மேலோட்டில் மெதுவாக ஏறும்.

இதைவிடப் பெரிய குழப்பம் 7.2 முதல் 7.6 வரையுள்ள வேகங்களில். மேலோட்டுக்கு இது அதிகம், கவசத்துக்குக் குறைவு. இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, கவசத்திலிருந்து வந்த சூடான மேக்மா, அதாவது உருகிய பாறைக் குழம்பு, மேலோட்டின் அடியில் புகுந்து இறுகிய மக்னீசியம் மிகுந்த பாறை. மற்றொன்று, கவசத்தின் பெரிடோடைட் பாறைக்குள் கடல் நீர் இறங்கி, அதன் ஆலிவின் கனிமம் செர்பென்டினாக மாறியது. அப்படி மாறும்போது பாறை இளகி, அடர்த்தி குறைந்து, அலையின் வேகமும் குறைகிறது. ஒன்று எரிமலைக் கதை, மற்றது எரிமலையே இல்லாத கதை. ஒரே எண்ணுக்கு இரண்டு நேர்மாறான வரலாறுகள்!

பிரித்தறிய சில வழிகள் இருக்கின்றன. முதலாவது, குறுக்கலைகள், அதாவது தாம் போகும் திசைக்குக் குறுக்கே பாறையை ஆட்டும் அலைகள். இவை நீரில் போகாது. ஆனால் பாறை எல்லைகளில் முதன்மை அலையிலிருந்து பிறக்கும், கடலடிக் கருவியின் கிடைமட்ட ஜியோஃபோன்கள் அவற்றைப் பிடிக்கும். முதன்மை அலை வேகத்தைக் குறுக்கலை வேகத்தால் வகுத்தால் கிரானைட்டில் 1.7 அளவு, கேப்ரோவில் 1.8க்கு மேல், முழுதாக மாறிய செர்பென்டினைட்டில் 2ஐத் தாண்டும். பாதி மட்டும் மாறியிருந்தால் இந்த வித்தியாசம் மங்கிவிடும். இரண்டாவது, மோகோ எதிரொலி. மேக்மா புகுந்த மேலோட்டின் அடியில் அது பெரும்பாலும் தெரியும். நீர் ஊறிய கவசத்தில் மாற்றம் படிப்படியாக நடப்பதால் எதிரொலி மங்கலாக இருக்கும், பல நேரம் இருக்கவே இருக்காது. அப்புறம் ஈர்ப்பு, காந்த அளவீடுகளையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் வாய் திறக்கலாம் என்பது என் கருத்து.

எல்லா விளிம்பும் ஒரே மாதிரிதானா?

இல்லை. இரு துருவங்கள் மாதிரி இரண்டு வகைகளைச் சொல்வார்கள்.

முதல் வகை, மேக்மா மிகுந்த விளிம்பு. நார்வேயின் வோரிங் பீடபூமி, கிழக்கு கிரீன்லாந்து, நமீபியா ஆகியவை பெயர்போன உதாரணங்கள். இவற்றின் எதிரொலிப்புப் படத்தில் கடல் பக்கமாகச் சாய்ந்து, விசிறி மாதிரி விரியும் அடுக்குகள் பல கி.மீ. தடிமனுக்குத் தெரியும். அவை படிவா எரிமலைக் குழம்பா என்று நெடுநாள் விவாதம் நடந்தது. 1985இல் வோரிங் பீடபூமியில் துளையிட்டபோது வரிசை வரிசையாக பசால்ட் பாறை வந்தது. அதுவும் கடலுக்கடியில் இல்லாமல், நிலத்தின் மேல் காற்றுப்பட வழிந்த குழம்பு. வட அட்லாண்டிக் சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பிளந்தபோது அங்கே எரிமலை நிலமாக இருந்திருக்கிறது. இன்று அது ஆயிரம் மீட்டருக்கும் கீழே.

இதில் இன்னொரு வியப்பும் இருக்கிறது. அந்த விளிம்பின் படிவுகளுக்குள் மேக்மா தகடு தகடாகப் புகுந்த இடங்களும், அதன் சூட்டில் வாயு வெடித்து வெளியேறிய குழாய் வடிவங்களும் எதிரொலிப்புப் படங்களில் ஏராளமாகத் தெரிகின்றன. சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி திடீரெனச் சூடானதற்கு அந்த வாயுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கருத்து அங்கிருந்து வந்தது. 2021இல் இதைச் சோதிக்கவும் அங்கே துளையிட்டார்கள். கடலடிப் பாறையின் படம் ஒன்று பழங்காலத் தட்பவெப்பம் வரை இழுத்துச் செல்கிறது பாருங்கள்.

இரண்டாம் வகை, மேக்மா குறைந்த விளிம்பு. இதற்கு ஐபீரியாதான் பாடப்புத்தகம், அதாவது ஸ்பெயின், போர்ச்சுகலின் மேற்குக் கடல். அங்கே கண்ட மேலோடு மெலிந்துகொண்டே போய் ஒன்றுமே இல்லாமல் ஆகிறது. அதற்கப்புறம் கடல் மேலோடு உடனே தொடங்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். தொடங்கவில்லை. அங்கே இருந்தது செர்பென்டினாக மாறிய பெரிடோடைட், அதாவது பூமியின் கவசமே கடலடிக்கு வந்து கிடந்தது. வடமேற்கு ஸ்பெயினின் கலிசியாவுக்கு மேற்கே 1985இல் துளையில் அது கையில் கிடைத்தது. தெற்கே 1993, 1997 ஆண்டுகளின் துளைகளும் அதையே காட்டின. விலகல் அளவீட்டில் அந்த நடுப்பகுதி எப்படித் தெரிந்தது என்றால், மேலே 2 முதல் 4 கி.மீ. தடிமனுக்கு வேகம் கிடுகிடுவென ஏறுகிறது, அதன் கீழே வினாடிக்கு 7.3 முதல் 7.9 கி.மீ. வரை மெல்ல ஏறிக் கவசத்தோடு கலந்துவிடுகிறது. தெளிவான மோகோ எதிரொலி இல்லை. கண்டமும் இல்லாத கடலும் இல்லாத இந்தப் பகுதி சில இடங்களில் 100 கி.மீ.க்கும் மேல் அகலமானது.

நீர் எப்படிக் கவசம் வரை போனது? மேலோடு 10 கி.மீ.க்கும் கீழே மெலியும்போது முழுவதும் குளிர்ந்து, உடையும் தன்மைக்கு வந்துவிடுகிறது. பிளவுகள் மேலிருந்து அடிவரை வெட்டி இறங்குகின்றன, அந்த வழியே நீர் கவசத்தைச் சேர்கிறது. செர்பென்டின் வழுக்கும் தன்மை கொண்டது. அது உருவானதும் மேலிருக்கும் துண்டங்கள் இன்னும் எளிதாகச் சறுக்குகின்றன.

கப்பல் ஏறாமல் இதைப் பார்க்க வேண்டுமானால் ஆல்ப்ஸ் மலைக்குப் போகலாம். தென்கிழக்கு சுவிட்சர்லாந்தில் பழைய டெத்திஸ் கடலின் இதே மாதிரி விளிம்பு மலையாக மேலேறி நிற்கிறது. கடலில் அலைகளை வைத்து ஊகித்த வழுக்குப் பரப்புகளை அங்கே காலால் மிதித்து நடக்கலாம்.

படத்தில் தெரியும் பிளவுகளைக் கூட்டினால் இழுபட்ட அளவு வந்துவிடுமா?

வராது, இது ஒரு பழைய புதிர். பிளவுப்பெயர்ச்சிகள் நகர்ந்த தூரத்தை எல்லாம் கூட்டினாலும், மேலோடு மெலிந்த அளவுக்கு அது ஈடாவதில்லை. ஒரு பகுதி, படத்தின் தெளிவுக்குக் கீழே ஒளிந்திருக்கும் சிறு பிளவுகள். இன்னொரு பகுதி, ஒன்றை ஒன்று வெட்டிக் குழம்பிப்போன பல தலைமுறைப் பிளவுகள். கீழ் மேலோடு பிசைந்த மாவு போல வழிந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

கலிசியாவில் சாய்ந்த பாறைத் துண்டங்களுக்கு அடியில் எஸ் எனப்படும் பளிச்சென்ற எதிரொலிப் பரப்பு ஒன்று உண்டு. மேலே உள்ள துண்டங்கள் எல்லாம் சறுக்கி நகர்ந்த தளம் அது. 2013இல் அங்கே முப்பரிமாண ஆய்வு செய்து அந்தப் பரப்பையே தனியாக உரித்தெடுத்துப் பார்த்தார்கள். அதன் மேல் நகர்ந்த திசையில் நீளநீளமான வரிப்பள்ளங்கள். ஒரு கண்டம் எந்தப் பக்கம் இழுபட்டது என்பதைப் பாறையே கீறி வைத்திருக்கிறது.

அலை சொன்னதைத் துளை மறுத்தது உண்டா?

உண்டு, தென் சீனக் கடலில். அதன் வடக்கு விளிம்பு ஐபீரியா மாதிரிதான், மேலோடு மெலிந்த இடத்தில் கவசம் வெளிப்பட்டிருக்கும் என்று நினைக்கப் போதுமான காரணங்கள் இருந்தன. 2017இல் அதைச் சோதிக்கவே சர்வதேசக் கடலடித் துளையிடும் திட்டத்தின் இரண்டு பயணங்கள் போயின. துளையில் வந்தது பசால்ட். கவசப் பாறை இல்லை. கண்டம் முறிந்த கையோடு மேக்மா பொங்கிக் கடல் மேலோடு விரைவாகப் பிறந்திருக்கிறது. வோரிங் அளவுக்கு எரிமலை வெறியாட்டமும் அங்கே இல்லை. இரண்டு வகைப் பெட்டிகளில் எதிலும் அடங்காத விளிம்பு அது.

இதை நான் அலை ஆய்வின் தோல்வியாகப் பார்க்கவில்லை. ஐபீரியாவில் வெற்றி பெற்ற விளக்கத்தை அப்படியே இன்னொரு கடலுக்குத் தூக்கிப் போனதுதான் தவறு. துளைக்கச் சரியான இடத்தைக் காட்டியது அதே அதிர்வுப் படங்கள்தான்.

படம் எவ்வளவு நுணுக்கமானது?

அலைநீளத்தில் கால் பங்கு என்பது பொது விதி. மேற்படிவில் வேகம் 2 கி.மீ., அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 40 மீட்டர், பிரித்தறியக்கூடிய தடிமன் 10 மீட்டர். ஆழத்தில் உயர் அதிர்வெண்கள் கரைந்துபோய் 8 ஹெர்ட்ஸ் போலத்தான் மிஞ்சும், வேகமோ 6.5. அப்போது 200 மீட்டருக்கும் மெல்லிய அடுக்கு கண்ணில் படாது. விலகல் முறையின் வேகப் படம் இதைவிட மங்கல். அதன் பக்கவாட்டுத் தெளிவு கி.மீ. கணக்கில்தான். அலையின் முழு வடிவத்தையும் கணினியில் பொருத்திப் பார்க்கும் புது முறைகள் இந்த இடைவெளியைக் குறைத்து வருகின்றன.

எதெல்லாம் படத்தைக் கெடுக்கும்?

முதல் எதிரி, நீருக்குள்ளேயே மேலும் கீழும் மோதி வரும் போலி எதிரொலி. நீரின் ஆழம் 3 கி.மீ. என்றால் கடலடி 4 வினாடியில் தெரியும், அதன் போலி 8 வினாடியில் வந்து உட்காரும். பெரும்பாலும் நமக்கு வேண்டிய ஆழத்துப் பாறை அங்கேதான் இருக்கும். அடுத்தது உப்பு. அங்கோலா, பிரேசில் கரைகளில் தடித்த உப்புப் படுகை இருக்கிறது. சுற்றியுள்ள படிவைவிட உப்பில் அலை வேகமாகப் போவதால், அதன் அடியில் இருப்பவை எல்லாம் மேலே தூக்கினாற்போல் பொய்யாகத் தெரியும். பசால்ட் அடுக்குகள் அலையைச் சிதறடிக்கும். அதற்குக் குறைந்த அதிர்வெண்ணை அதிகமாக அனுப்புவதுதான் வழி.

திமிங்கிலங்களுக்குப் பாதிப்பு இல்லையா?

இருக்கிறது, மழுப்பக் கூடாது. ஏர்கனின் ஆற்றல் பெரும்பகுதி குறைந்த அதிர்வெண்களில் இருக்கிறது, பெரிய திமிங்கிலங்கள் ஒன்றையொன்று அழைப்பதும் அதே அதிர்வெண்களில்தான். சத்தம் வெகுதூரம் போகும். அதனால் கப்பல்களில் பயிற்சி பெற்ற பார்வையாளர்கள் இருப்பார்கள். நீருக்கடி ஒலியையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரே ஒரு சிறு ஏர்கனில் தொடங்கிப் படிப்படியாகச் சத்தத்தைக் கூட்டுவார்கள், விலகிப்போக நேரம் கிடைக்கட்டும் என்று. குறிப்பிட்ட தூரத்துக்குள் விலங்கு வந்தால் நிறுத்த வேண்டும்.

இவை அவசியம், ஆனால் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பகுதியில் பழைய தரவு கிடந்தால், புதிதாகச் சுடுவதற்கு முன் அதைப் புதிய முறைகளில் மறுபடி செயலாக்கிப் பார்ப்பது நம் கடமை. பல நேரம் பழைய பதிவுகளிலிருந்தே புதுப் படம் கிடைத்துவிடுகிறது.

அறிவியல் தவிர வேறு பயன்?

எண்ணெய், எரிவாயுத் தேடல் எல்லோருக்கும் தெரிந்தது. அதிகம் தெரியாதது கடல் சட்டம். 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 76ஆம் பிரிவுப்படி, 200 கடல் மைலுக்கு அப்பாலும் ஒரு நாடு தன் கண்டத்திட்டு உரிமையைக் கோரலாம். அதற்கான வழிகளில் ஒன்று படிவின் தடிமன்: கண்டச்சரிவின் அடிவாரத்திலிருந்து ஒரு புள்ளிக்குள்ள தூரத்தில் குறைந்தது 1 விழுக்காடு தடிமனாவது அந்தப் புள்ளியில் இருக்க வேண்டும். 100 கி.மீ. தொலைவில் 1 கி.மீ. படிவு. இதை நிரூபிக்க அதிர்வு ஆய்வு வேண்டும். வேகத்தைத் தவறாக வைத்தால் தடிமன் தவறும், எல்லைக்கோடு இடம் மாறும்.

முதல் முறையாக ஒரு விளிம்பின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்க்கிறேன். எங்கே தொடங்குவது?

முதலில் செங்குத்து அச்சைப் பாருங்கள், நேரமா ஆழமா. பிறகு உயரம் எத்தனை மடங்கு பெரிதாக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெரிதாக்கிய படத்தில் மென்மையான சரிவுகூட மலையிடுக்கு மாதிரி தெரியும். அடுத்து கடலடியைத் தேடி, அதன் நேரத்தை இரட்டிப்பாக்கி, போலி எதிரொலி எங்கே விழும் என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதன் மேல் விழும் எதையும் உடனே நம்ப வேண்டாம்.

பிறகு படிவுகளின் அடிப்பரப்பைக் கண்டுபிடியுங்கள். அது சாய்ந்த துண்டங்களாக உடைந்திருந்தால் கண்டப் பக்கம். சொரசொரப்பாக, உள்ளே பெரிய அடுக்குகள் எதுவும் இல்லாமல், அதற்குச் சுமார் 2 வினாடி கீழே ஓர் எதிரொலி ஓடினால் அது பெரும்பாலும் கடல் மேலோடு, அந்த எதிரொலி மோகோ. இரண்டு முனைகளும் உறுதியானபின் நடுப்பகுதிக்கு வாருங்கள். அங்கே யாரோ ஏற்கெனவே வண்ணம் தீட்டி, பாறைப் பெயர்கள் எழுதியிருப்பார்கள். அந்தப் பெயர்கள் துளையிலிருந்து வந்தவையா, வேகத்திலிருந்து ஊகித்தவையா என்று படக்குறிப்பில் தேடிப் பாருங்கள். கடலடிக் கருவிகள் இருந்த இடங்களைப் படத்தின் மேல் முக்கோணங்களாகவோ வட்டங்களாகவோ குறித்திருப்பார்கள். அவை நெருக்கமாக இருக்கும் இடத்தில் வேகங்களை நம்பலாம். இரண்டு கருவிகளுக்கு நடுவே பெரிய இடைவெளி இருந்தால், அந்த இடத்தின் வண்ணங்களைப் பென்சிலால் சுழித்து வைத்துவிட்டு மேலே போங்கள்.